பைத்தான் புரோகிராமிங் கற்கத் தொடங்குகிறேன். லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். புரோகிராம் எழுத விஎஸ் கோடா, பைசார்மா, எதை நிறுவலாம்?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தோன்னி என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது (கிரிக்கெட் தோனி இல்லை), அதை நிறுவுங்கள்.

ஏன் என்று சொல்ல என் கதைக்குப் போக வேண்டும். கல்லூரி லேபில் எங்களுக்கு டர்போ சி++. நீலத் திரை, டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் மென்பொருள்களை இன்றைய கணினியில் ஓட்டும் கருவி) ஓடும். அது 1990-களின் தொடக்கத்து மென்பொருள். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததோ 1998-இல். லேபில் எழுதிய புரோகிராமை வீட்டில் புதிய கம்பைலரில் (எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) போட்டால் முதல் வரியிலேயே பிழை. சரி, நவீனமாகவே போவோம் என்று விஎஸ் கோடை நிறுவினேன். ரன் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: அது எழுதுவதற்கான எடிட்டர், சி++ கம்பைலர் அதோடு வராது. அதைத் தனியாக நிறுவி, எங்கே இருக்கிறது என்று பாத்தில் (கணினி மென்பொருள்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் நான் ஒரு ஃபார் லூப்கூட உருப்படியாக எழுதியிருக்கவில்லை.

தோன்னியில் இந்தத் தொல்லை இல்லை. பைத்தான் அதற்குள்ளேயே வருகிறது. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கற்பவர்களுக்காகவே உருவானது. எனக்குப் பிடித்தது அதன் டீபக்கர், அதாவது புரோகிராமை அடி அடியாக ஓட்டிப் பிழை தேட உதவும் வசதி. 2*(3+4) என்று எழுதி ஒவ்வொரு அடியாக ஓட்டினால், முதலில் அடைப்புக்குறி 7 ஆவதையும் அப்புறம் மொத்தமும் 14 ஆவதையும் கண்ணெதிரே காட்டும். ஃபங்ஷனை அழைத்தால் அதற்கென ஒரு புது ஜன்னல் திறக்கும். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) எனக்குச் சரியாகப் பிடிபட்டதே அந்த ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றதைப் பார்த்தபோதுதான்.

பைசார்ம் நல்ல கருவிதான், ஆனால் உங்கள் 4 ஜிபியில் மூச்சு வாங்கும். பக்கத்தில் குரோம் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரே ஃபைலில் அடங்காத அளவுக்கு எழுத ஆரம்பித்ததும், அல்லது கிட் (Git, கோடில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) பழக வேண்டும் என்று தோன்றியதும் விஎஸ் கோடுக்கு மாறுங்கள். பைத்தான் எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்க்கும் வசதி) ஒன்று போதும், கண்டதையும் ஏற்ற வேண்டாம். வரியைத் தானே எழுதித் தரும் ஏஐ வசதியைக் கொஞ்ச காலம் அணைத்து வையுங்கள். தீம் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். போகட்டும், எல்லோருக்கும் போனதுதான்.