மிளகாய்ச் செடி மறுபடி துளிர்த்தது டானிக்காலா?

கேள்வி: ஐயா, பினாங்கு நிபோங் திபாலில் பாலிபேக்கில் மிளகாய் போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் இலை மஞ்சளாகிச் சுருண்டு, செடி குட்டையாகிவிட்டது. வைரஸுக்கு என்று கடையில் ஒரு டானிக் கொடுத்தார்கள். அடித்த பிறகு சில செடிகளில் மட்டும் புதுத் துளிர் நன்றாக வருகிறது. அவற்றை வைத்துக்கொண்டு விதை எடுக்கலாமா?

பதில்: வணக்கம் தம்பி. டானிக் வேலை செய்திருந்தால் எல்லாச் செடியும் அல்லவா துளிர்த்திருக்க வேண்டும்? மிளகாயில் புகுந்த வைரஸைக் கொல்லும் தெளிப்பு மருந்து எதுவும் கிடையாது. அந்தக் காசுக்கு உரம் வாங்கியிருக்கலாம்.

முதலில் இலையைப் பாருங்கள். ஓரம் மேல்பக்கமாக மடிந்தால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாக மடிந்தால் மைட் எனப்படும் சிலந்திப்பேனாக இருக்கலாம். நீங்கள் சொல்லும் மஞ்சளும் குட்டையும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் ஜெமினி வைரஸ்தான்.

இது டிஎன்ஏ வைரஸ். செடியின் செல் உட்கருவுக்குள் போய், செடி தன் டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதங்கள்மேலேயே தன் டிஎன்ஏவையும் சுற்றிக்கொள்ளும். செடி சும்மா விடாது. 24 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ துண்டுகளை வழிகாட்டியாக வைத்து, வைரஸின் டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகளை ஒட்டும். டிஎன்ஏவின் எழுத்து ஒன்றும் மாறாது, ஆனால் புத்தகத்துக்குப் பூட்டுப் போட்டமாதிரி வைரஸின் ஜீன்கள் அடங்கிவிடும். எபிஜெனடிக்ஸ் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் இதுவும் ஒன்று.

வைரஸும் லேசுப்பட்டதல்ல. அதன் ஏசி2 புரதம், செடியின் அடினோசின் கைனேஸ் என்ற நொதியை முடக்கும். சில வகைகளுக்குத் துணையாக பீட்டா சாட்டிலைட் என்ற குட்டி டிஎன்ஏவும் வரும்; அதன் புரதம் வேறொரு நொதியைத் தடுக்கும். செடி மெத்தில் தயாரிக்கும் சுழற்சி ஓட இந்த இரண்டு நொதிகளும் தேவை. சுழற்சி நின்றால் வைரஸுக்குப் போட்ட பூட்டு மட்டுமல்ல, செடி தன் ஜீன்களில் அடக்கி வைத்திருந்தவையும் அவிழ ஆரம்பிக்கும். இந்த இழுபறியில் செடியின் கை ஓங்கினால் துளிர் தெளிந்து வரும். இன்னொரு ஜெமினி வைரஸ் தாக்கித் தேறிய மிளகாய்ச் செடிகளைச் சோதித்தபோது, புது இலைகளில் வைரஸ் குறைந்திருந்தது, இருந்ததன்மேல் மெத்தில் குறிகள் கூடியிருந்தன.

குறைந்ததே தவிர, ஒழியவில்லை. வெள்ளை ஈ அதில் உறிஞ்சிவிட்டுப் பக்கத்துச் செடியில் உட்கார்ந்தால் நோய் பரவலாம். செடிக்குள் வைரஸ் இன்னும் இருப்பதால் விதை எடுக்க வேண்டாம். தேறிய செடிகளில் காய் பறித்துக்கொள்ளுங்கள், ஆனால் புது நாற்றைத் தள்ளி வையுங்கள். தேறாத செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிடுங்குவதற்கு முன் வெள்ளை ஈயை அடக்குங்கள், இல்லையென்றால் அது பறந்து நல்ல செடிக்குப் போய்விடும். இலையின் அடிப்பக்கம் நனையும்படி வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் அடியுங்கள். நாற்று மேடைக்கு நுண்வலை போடுங்கள்.

அப்புறம், வரப்பில் ஊதாப் பூ பூக்கும் களை இருக்கிறதா? மலாயில் ரும்புட் தாஹி ஆயாம் என்பார்களே, அதுதான். இந்த வகை வைரஸ்கள் அதிலும் தங்கும். அதையும் வேரோடு பிடுங்கிவிடுங்கள் தம்பி.