சேணத்தில் பூஞ்சணம்: மரத்தைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: கொடைக்கானல் ஏரிக்கரையில் இரண்டு குதிரை வைத்து சவாரி விடுகிறேன். சேணம், கடிவாளம் எல்லாவற்றையும் நாயுடுபுரத்தில் லாயத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். மழைக்காலம் வந்தால் தோல் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம். பூட்டு போட்டு வைக்க ஒரு மர அலமாரி செய்யலாம் என்றிருக்கிறேன். தேக்கில் செய்தால் பூஞ்சணமே வராது என்கிறார் மரம் வாங்கித் தரும் புரோக்கர். சில்வர் ஓக் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். தேக்கு தன்னைக் கரையானிடமிருந்து காத்துக்கொள்ளும். உள்ளே வைத்த சேணத்துக்கு அது காவல் இல்லை. குதிரையின் வியர்வையும் நீங்கள் தடவிய எண்ணெயும் தோலில் ஊறியிருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி, காற்றும் அசையாமல் நின்றால் பூஞ்சணத்துக்கு விருந்துதான். ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலில் ஈரம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடுக்கில்லாமல் இழைத்த தேக்குப் பெட்டியைவிட உங்கள் ஆணியே தேவலை.

ஆகவே பெட்டிக்குள் காற்று ஓட வேண்டும். அடியிலும் உச்சியிலும் மூன்று விரல் அகலத்தில் திறப்பு விட்டு, கால் அங்குலக் கம்பிவலை அடியுங்கள். வலை இல்லாவிட்டால் வியர்வை உப்புக்காகவே எலி தோலைக் கடித்துவிடும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் நிற்கட்டும். உள்ளளவு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், ஐந்தரை அடி உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சேணம், கீழே பிரஷ், சோப்பு. சேணம் உட்கார ஓட்டுவீட்டுக் கூரை போலச் சரிந்த இரண்டு பலகை, இருபது அங்குல நீளம். கடிவாளத்தை மட்டும் ஆணியில் மாட்டாதீர்கள், வார் அந்த இடத்திலேயே மடிந்து வெடிக்கும். காலி பால்பவுடர் டப்பாவைக் கதவின் உட்புறம் திருகி, அதன்மேல் மாட்டுங்கள். சேணத்துக்கு அடியில் விரிக்கும் நம்தா நனைந்திருந்தால் உள்ளே போகவே கூடாது. சூடு கொடுக்கிறேன் என்று உள்ளே பல்பு எரிய விடவும் வேண்டாம், பக்கத்தில் வைக்கோல் இருக்கிறது.

இனி புரோக்கர். அவர் “காய்ந்த மரம்” என்பார். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பலகையின் முனை காய்ந்துதான் இருக்கும், நடுவில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். நடுவிலிருந்து ஒரு மெல்லிய துண்டு அறுத்து வாங்கி, மளிகைக்கடைத் தராசில் நிறுங்கள். அடுப்பங்கரையில் பத்து நாள் வைத்து மறுபடி நிறுங்கள். 500 கிராம் துண்டு 30 கிராமுக்கு மேல் இளைத்தால் அது பச்சை மரம். துண்டு தர மறுத்தால் விடை அப்போதே கிடைத்துவிட்டது. அடுத்து கனஅடிக் கணக்கு. ஒரு அங்குலப் பலகை என்று விலை பேசி, வந்து இறங்குவது முக்கால் அங்குலமாக இருக்கும். நூறு ரூபாய்க்கு இருபத்தைந்து ரூபாய் காற்றுக்குப் போகிறது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கிய கனத்துக்கு மட்டும் காசு கொடுங்கள். பிளைவுட் என்று பேச்சை மாற்றினால், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான 710 முத்திரையை நம்பாமல் ஒரு துண்டை நாள் முழுக்கக் கொதிக்க வையுங்கள். போலி, அடுக்கடுக்காகப் பிரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பழைய பங்களா இடித்த மரம். பல வருஷம் காய்ந்தது, இனி பெரிதாக அசையாது. கூரை உத்தரமாக இருந்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இல்லை, கண்ணைத் திறந்தே வாங்குங்கள், உள்ளே முறிந்த ஆணி இருக்கும், இழைப்புளி வாய் போய்விடும். குளியலறை நிலை, ஜன்னல் அடிக்கட்டை என்றால் வேண்டாம், உள்ளே உளுத்திருக்கும். தட்டினால் மாவு கொட்டினால் வண்டு இன்னும் குடியிருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், குதிரை எட்டி நக்கும் இடத்தில் வைப்பதாக இருந்தால் பெயிண்ட் அடித்த பலகையே வேண்டாம்.

“பட்டா நிலத்து மரம்தானே, பேப்பர் எதற்கு” என்றும் சொல்வார்கள். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே சட்டம் வந்துவிட்டது, சொந்த நிலமானாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அந்த அனுமதிக்கு அலைகிற அலைச்சல் தனிக்கதை. என் தோட்டத்தில் வீட்டின்மேல் சாய்ந்துகொண்டிருந்த ஒற்றை மரத்துக்காக நான் ஏழு மாதம் படியேறினேன். இந்த மேஜையில் கேட்டால் அந்த மேஜை, அங்கே போனால் ஐயா முகாம் போயிருக்கிறார். ஒழுங்காகக் கேட்கிறவனை இப்படி நடக்க விட்டுவிட்டு, ராத்திரி லாரியை யார் பார்க்கிறார்கள்? ஆனாலும் மாட்டினால் மாட்டப்போவது நீங்கள்தான், புரோக்கர் அல்ல. வத்தலகுண்டில் பில் தருகிற கடையில் வாங்கி மேலே ஏற்றுங்கள். வண்டி வாடகை வலிக்கத்தான் செய்யும்.

கீழே வெயிலில் காய்ந்த பலகையை வந்த கையோடு அறுக்க வேண்டாம். மூன்று வாரம் லாயத்தில் இடைக்கட்டை வைத்து அடுக்கிவிட்டு, பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள். மாசி, பங்குனியில் வேலை நடந்தால் கதவைச் சுற்றி நூலிழை இடுக்கு போதாது, எட்டில் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். அப்படியும் கார்த்திகையில் கதவு இறுகினால் உடனே இழைப்புளியைத் தூக்காதீர்கள். பங்குனி வரை பாருங்கள், அப்போதும் இறுகினால் சீவிக்கொள்ளலாம்.