கேள்வி – பதில்: சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி: சோதனை நடத்திப் பெற்ற தரவானாலும், மருத்துவப் பதிவேடுகளிலிருந்து திரட்டிய தரவானாலும் நான் செய்வது அதே டி-சோதனை (இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது), அதே தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு (ஓர் அளவு மற்றவற்றோடு சேர்ந்து எப்படி மாறுகிறது என்று கணக்கிடுவது) தான். அப்படியிருக்க, முதலாவதில் 'காரணம்' என்று எழுதலாம், இரண்டாவதில் 'தொடர்பு' என்று மட்டுமே எழுத வேண்டும் என்று என் நெறியாளர் வற்புறுத்துவது ஏன்?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: உங்கள் நெறியாளர் பக்கம்தான் நியாயம். சூத்திரம் ஒன்றே என்பதும் உண்மைதான். எண்கள் எங்கிருந்து வந்தன என்று கணினி கேட்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். பதிவேட்டுத் தரவில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நோயின் நிலையைப் பார்த்து யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுக்குக் காரணமாக இருந்ததே விளைவையும் பாதித்திருக்கக்கூடும்.

சிறுநீரகக் கல் அகற்றுவது பற்றி 1986இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வின் எண்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். திறந்த அறுவை சிகிச்சை பெற்ற 350 பேரில் 273 பேருக்கும், தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுத்த 350 பேரில் 289 பேருக்கும் வெற்றி கிடைத்தது. அதாவது 78, 83 விழுக்காடு. (இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம், 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையில் தேறாது என்பது வேறு விஷயம்.) இனி கல்லின் அளவைக் கொண்டு பிரியுங்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கற்களில் அறுவைக்கு 87இல் 81, துளைமுறைக்கு 270இல் 234. பெரிய கற்களில் அறுவைக்கு 263இல் 192, துளைமுறைக்கு 80இல் 55. வகுத்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் அறுவையே முந்துகிறது. எந்த முறைக்கும் எளிதில் மசியாத பெரிய கற்கள் பெரும்பாலும் அறுவைக்கே போனதுதான் இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம். 700 பேரின் கல் அளவு விகிதத்தையே இரு முறைகளுக்கும் பொதுவாக வைத்துச் சராசரி கண்டால், அறுவைக்கு 83, துளைமுறைக்கு 78 என எண்கள் இடம் மாறிக்கொள்கின்றன. இதைத்தான் சிம்ப்சன் முரண் என்கிறோம்.

சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்குவது போல, ஆட்களை ஒதுக்கும்போது இந்தத் தொல்லை எழுவதில்லை. 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில், காசநோயாளிகள் 107 பேரில் யாருக்கு மருந்து என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தயாரித்து ஒட்டப்பட்ட உறைகளே தீர்மானித்தன. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14 பேரும் இறந்தனர். நோயின் தீவிரம் உறைக்குத் தெரியாது; ஆகவே இந்த வேறுபாட்டுக்கு மருந்து, தற்செயல் என்ற இரண்டே விளக்கங்கள் மிஞ்சின, தற்செயலின் அளவைக் கணக்கிடத்தான் நம்மிடம் நிகழ்தகவு இருக்கிறதே.

கேள்வி: வயது, நோயின் நிலை எனக் கிடைக்கும் எல்லா மாறிகளையும் தொடர்புப்போக்கில் சேர்த்துவிட்டால், சிகிச்சையை நாம் ஒதுக்காமல் நடப்பதை மட்டும் பதிந்து பார்க்கும் நோக்காய்வும் சோதனைக்கு ஈடாகிவிடாதா?
– கல்லூரி ஆசிரியர் ஒருவர்

பதில்: ஆகாது. அளந்த மாறிகளைத்தான் சேர்க்க முடியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை இதயத்தைக் காக்கிறது என்று பல நோக்காய்வுகள் காட்டின. 16,608 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்த அமெரிக்கச் சோதனை 2002இல் நிறுத்தப்பட்டபோது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் பெற்றவர்களிடையே இதயநோய் குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது. சிகிச்சையைத் தாமே நாடியவர்கள் பொதுவாக வசதியும் உடல்நலமும் மிக்கவர்கள் என்பது அந்த முரணுக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. தவிர, கண்டதையெல்லாம் சேர்ப்பதும் தவறு: ரத்த அழுத்த மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கிறதா என்று பார்க்கும்போது, மாத்திரைக்குப் பிந்தைய ரத்த அழுத்தத்தையும் சமன்பாட்டில் வைத்தால், மாத்திரை செய்த வேலையையே நீங்கள் கழித்துவிடுகிறீர்கள்.

கேள்வி: அப்படியானால் நோக்காய்வை நம்பவே கூடாதா?
– வாசகர் ஒருவர்

பதில்: நம்பலாம், உரசிப் பார்த்த பிறகு. யாரையும் சீட்டுக் குலுக்கிப் புகைபிடிக்க வைக்க முடியாது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவு நோக்காய்வுகளால்தான் நிலைநாட்டப்பட்டது. சமவாய்ப்பு ஒதுக்கீட்டை ஆய்வுலகுக்குத் தந்த புள்ளியியல் அறிஞர் ஃபிஷரே, புகைப்பழக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் பொதுவான மரபுக்கூறு ஒன்று இருக்கலாமே என்று வாதிட்டார். அவரும் குழாயில் புகைத்தவர்தான்! 1959இல் புள்ளியியலாளர் கார்ன்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் அதற்குக் கணக்காலேயே பதில் தந்தனர்: புகைப்பவருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அது முழுவதையும் விளக்கவல்ல அந்த மறைகாரணி, புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாகக் காணப்பட வேண்டும். அப்படியொரு மரபுக்கூற்றை எவரும் காட்டவில்லை.