எல்லோர் வயிற்றிலும் ரத்தக்குழாய்கள் ஒரே மாதிரிதான் இருக்குமா?

இல்லை. பாடப்புத்தகப் படம் காட்டுவது பெரும்பான்மை அமைப்பை, அவ்வளவுதான். கல்லீரல் தமனியையே எடுங்கள்: 200 உடல்களை அறுத்துப் பார்த்த உடற்கூறியலாளர் மிச்செல்ஸ் 1966-இல் அதை 10 வகையாகப் பிரித்தார். சிலருக்கு வலது கல்லீரல் தமனி, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மேல் மெசன்டெரிக் தமனியிலிருந்து கிளம்பி, கணையத் தலைக்குப் பின்னால் ஏறிப் போகும். அறுவை சிகிச்சையில் கணையத் தலையை அகற்றும்போது அது தெரியாமல் வெட்டுப்பட்டால் கல்லீரலுக்கும் பித்தநாளத்துக்கும் ரத்தம் குறையும். அதே அறுவையில் பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த தையல் கசியலாம். என் பார்வையில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான்.

சிறுநீரகத்துக்குக் கூடுதல் தமனி இருப்பது இன்னும் சகஜம், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. ஒவ்வொன்றும் தன் பகுதிக்கு மட்டுமே ரத்தம் தரும். ஒன்றைக் கட்டிவிட்டால் அந்தப் பகுதி செத்துவிடும். அதனால்தான் சிறுநீரக தானம் செய்பவருக்கு முன்கூட்டியே சிடி ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கிறார்கள். மற்றபடி, தனக்கு இப்படி இருப்பது பலருக்குத் தெரியவே வராது.