ஸ்னோமொபைல் ட்ராக் ஏன் சீக்கிரம் தேய்கிறது? – கேள்வி பதில்

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் பல குளிர்காலங்களாக, ஸ்னோமொபைல் என்னும் பனியில் ஓடும் வண்டிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். அந்த வண்டியின் அடியில் சுழன்று அதை முன்னே தள்ளும், ட்ராக் என்று நாம் சொல்லும் ரப்பர்ப் பட்டை, காலத்துக்கு முன்பே தேய்ந்தும் கிழிந்தும் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (சட்பரி): ஐயா, என் வண்டியில் 146 அங்குல நீள ட்ராக், அதன் வெளிப்பக்க ரப்பர்ப் பற்களின் உயரம் 2.25 அங்குலம். இரண்டாவது பருவம் முடிவதற்குள் ஓரப் பற்கள் துண்டு துண்டாகப் பிய்ந்துவிட்டன. நான் ஓட்டுவதெல்லாம் பராமரிக்கப்பட்ட தடங்களில்தான். ரப்பர் தரமற்றதா?

ரப்பரைக் குறைசொல்வதற்கு முன் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். உயரமான பற்கள் இடுப்பளவு மென்பனியைத் தோண்டித் தள்ளுவதற்கானவை. இயந்திரம் வைத்து அழுத்திச் சமன்செய்த கெட்டியான தடத்தில் அவை புதைய இடமில்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்கின்றன. அப்படி மடியும்போது ரப்பருக்குள்ளேயே பிறக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போக உதிரிப் பனியும் இல்லாததால், வேகம் கூடக் கூடப் பல்லின் அடிப்பகுதி வலுவிழந்து பிய்கிறது. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு பல்லைக் கட்டைவிரலால் பின்னுக்கு வளைத்து அதன் வேரைப் பாருங்கள். மயிரிழை போன்ற பிளவு தெரிந்தால் அந்தப் பல்லும் போகப்போகிறது என்று பொருள். பெரும்பாலும் தடத்தில்தான் ஓட்டுவீர்கள் என்றால் அடுத்த ட்ராக்கை 1.25 அல்லது 1.5 அங்குலப் பல்லோடு வாங்குங்கள். அதுவரை நீண்ட நேரம் ஒரே வேகத்தில் விரட்டாமல், பாதுகாப்பான இடங்களில் தட ஓரத்து உதிரிப் பனியில் சற்று நேரம் ஓட்டி ட்ராக்கைக் குளிரவிடுங்கள்.

கேள்வி (பேரி): மார்ச் மாதத்தில் ஓட்டும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. அதற்கும் ட்ராக்குக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. சஸ்பென்ஷன் தண்டவாளங்களின் அடியில் மாட்டியிருக்கும் ஸ்லைடு என்னும் பிளாஸ்டிக் பட்டைகளின் மேல்தான் ட்ராக்கின் எஃகுக் கிளிப்புகள் உரசிச் செல்கின்றன. அந்த உரசலுக்கு எண்ணெயும் பனிதான், தண்ணீரும் பனிதான். ஸ்லைடு செய்யப்படும் பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகக்கூடியது. பகலில் உருகி இரவில் உறைந்த மார்ச் தடம் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே பனி தெறிப்பதில்லை. ஸ்லைடு இளகிக் கிளிப்பில் ஒட்டிக்கொள்கிறது, கிளிப் சூடேறித் தன்னைப் பிடித்திருக்கும் ரப்பரையும் கெடுக்கிறது. தண்டவாளத்தில் மாட்டும் ஸ்கிராட்சர் கம்பிகள் தடத்தைக் கீறிப் பனித்துகளை உள்ளே எறியும். அதிக விலையில்லாத பொருள், தவறாமல் மாட்டுங்கள். பின்னோக்கி ஓட்டுவதற்கு முன் அவற்றை மேலே தூக்கி மாட்டிவிடுங்கள். பல வகைக் கம்பிகள் அப்போதுதான் ஒடிகின்றன.

கேள்வி (நார்த் பே): ட்ராக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்? இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நண்பர் சொல்கிறார்.

உங்கள் நண்பர் சொல்வதைத்தான் நானும் என் முதல் வண்டியில் செய்தேன். ஒரே பருவத்தில் ஸ்லைடுகளையும் ஒரு பின்சக்கர பேரிங்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. மிகவும் இறுக்கினால் உரசல் கூடிச் சூடேறும், இன்ஜின் சக்தியும் வீணாகும். மிகவும் தளர்த்தினாலோ, திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் விசை கொடுக்கும்போதும் இயக்குச் சக்கரத்தின் பற்கள் ட்ராக்கின் உட்பக்கப் பற்களைத் தாண்டி ‘கடக் கடக்’ என்று குதிக்கும். அந்த ஒவ்வொரு குதிப்பும் உட்பல்லைச் செதுக்குகிறது. பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ட்ராக்கின் கீழ்ப்பகுதி நடுவில் குறிப்பிட்ட எடையைத் தொங்கவிட்டு, ஸ்லைடுக்கும் கிளிப்புக்கும் இடையே எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 7.3 கிலோ எடையும் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலான இறக்கமும் சரியாக இருக்கும். ஆனாலும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. புதிய ட்ராக் முதல் சில நூறு கிலோமீட்டரில் நீளும் என்பதால் அந்தக் காலத்தில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

கேள்வி: உட்பற்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்கின்றன, ஏன்?

ட்ராக் நேராக ஓடவில்லை. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, பின்னால் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சில சுற்றுகள் ஓடவிட்டு, இன்ஜினை அணைத்த பிறகு இருபுறமும் பாருங்கள். ஸ்லைடுக்கும் வழிகாட்டிக் கிளிப்புக்கும் இடையே எந்தப் பக்கம் இடைவெளி குறைவாக இருக்கிறதோ, அந்தப் பக்கத்துப் பின்அச்சுத் திருகைக் கால் சுற்று இறுக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். நேரானபின் இறுக்கத்தை மீண்டும் அளக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் ட்ராக்கின் அருகே கையைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி (கியூபெக்): பனிக்கட்டியில் பிடிப்புக்காக ட்ராக்கில் ஸ்டட் என்னும் உலோக ஆணிகளை அடித்தால் அதன் ஆயுள் குறையுமா?

தவறாக அடித்தால் குறையும். ட்ராக்கில் போடும் ஒவ்வொரு துளையும் அதன் உள்ளிருக்கும் நெசவு இழைகளை அறுக்கிறது. எனவே தயாரிப்பாளர் ஸ்டட் அடிக்கலாம் என்று அனுமதித்த ட்ராக்கில், அனுமதித்த இடங்களில் மட்டுமே துளையிட வேண்டும். குறுக்குக் கம்பிகளின் மேலும் சக்கரங்கள் ஓடும் வழியிலும் துளை கூடாது. ஸ்டட் முனை பற்களுக்கு மேல் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதைவிட நீண்டால் நெம்புகோல்போல் வேலை செய்து, தார்ச்சாலையைக் கடக்கும்போது ரப்பரோடு பிடுங்கிக்கொண்டு வரும். ட்ராக்கை மேலே மூடியிருக்கும் டனல் என்னும் உலோகக் கூட்டில் உள்ள குளிர்விப்பானையும் கிழிக்கும்.

கேள்வி: காலையில் ட்ராக் தரையோடு உறைந்திருந்தால் விசை கொடுத்து விடுவிக்கலாமா?

கூடாது. பின்பிடியைப் பிடித்துத் தூக்கி இருபக்கமும் அசைத்து விடுவித்து, சக்கரங்களுக்கிடையே உள்ள பனிக்கட்டியை உதிர்த்த பிறகே கிளம்புங்கள். இரவில் இரண்டு பலகைகளின் மேல் நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி (திம்மின்ஸ்): பாறையில் மோதிய பிறகு ட்ராக் ஓரிடத்தில் மடங்குகிறது. இன்னும் ஓட்டலாமா?

உள்ளே குறுக்காக ஓடும் கண்ணாடியிழைக் கம்பி ஒடிந்திருக்கிறது. அந்த இடத்தில் கையால் அழுத்தினால் அட்டைபோல் வளையும், பக்கத்துப் பகுதி வளையாது. ஒடிந்த கம்பி ரப்பரை உள்ளிருந்து அறுத்துக்கொண்டே இருக்கும். வெளியே இழைகள் பஞ்சுபோல் பிரிந்து தெரிந்தால் அதற்குமேல் அந்த ட்ராக்கை நம்பக் கூடாது. வேகமாக ஓடும்போது அறுந்து சுற்றிக்கொண்டால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி நின்றுவிடும், ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கோடைக்கு எப்படி வைப்பது?

டிரெய்லரில் வந்த வண்டியானால் முதலில் சாலை உப்பை நன்றாகக் கழுவுங்கள். பின்பக்கத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ட்ராக்கைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். பளபளப்புக்காக எண்ணெய் தடவாதீர்கள், அது ரப்பரைத் தின்றுவிடும். ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் அந்த பேரிங்கை வசந்தத்திலேயே மாற்றுங்கள், ஏனெனில் ஜனவரியில் இறுகிப்போகும் ஒரு சக்கரம் ட்ராக்கின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளத்தையே செதுக்கிவிடும்.