மஞ்சள் கரிசாலையா, வெடேலியாவா? செடி அடையாளம்: கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலோரம் தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் செடியை, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிச் சிலர் கீரைக்குப் பறிக்கிறார்கள். படம் அனுப்பியுள்ளேன். அதே செடிதானா?

பதில்: இல்லை. படத்தில் இருப்பது, நர்சரிகளில் வெடேலியா என்று விற்கப்படும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா. மெக்சிகோ முதல் வெப்பமண்டலத் தென் அமெரிக்கா வரையிலும் கரீபியத் தீவுகளிலும் இயற்கையாக வளரும் இச்செடி, அழகுக்காக இங்கே கொண்டுவரப்பட்டு, இன்று நட்டுவைப்பார் யாருமின்றியே கால்வாய்க் கரைகளிலும் காலி மனைகளிலும் நிலைத்துவிட்டது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றும் அழைக்கப்படும் நம் மஞ்சள் கரிசாலை ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா, ஆசியாவுக்கே உரியது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இலையிலிருந்து தொடங்குங்கள். வெடேலியாவின் இலை சற்றுச் சதைப்பற்றுடன் அகன்று, பளபளப்பாக இருக்கும். நடுப்பகுதிக்கு மேல் இருபுறமும் ஒவ்வொரு மடல் பிரிந்து, முழு இலையும் மூன்று முனைகளோடு தெரியும். விளிம்பில் ஒழுங்கற்ற பற்கள் உண்டு. மஞ்சள் கரிசாலையின் இலையோ குறுகி நீண்டது, மடல் கிடையாது, விளிம்பு பெரும்பாலும் மழுங்கலாக, அங்கங்கே ஓரிரு சிறு பற்களோடு மட்டும் இருக்கும், தடவிப் பார்த்தால் சொரசொரக்கும். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், தண்டு கணுதோறும் வேர்விடும் என்பதால் இவ்விரண்டு பண்புகளும் பிரித்தறிய உதவா.

அடையாளம் உறுதியாகாத வரையில் எந்தச் செடியையும் கீரையாகச் சமைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அந்த மதிலோரச் செடியைப் பறிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): பூவை வைத்தே சொல்லிவிட முடியாதா?

பதில்: பூவை மட்டும் நம்ப வேண்டாம். நாம் ஒரு பூ என்று கருதுவது, ஆஸ்டரேசி எனும் சூரியகாந்திக் குடும்பத்துக்கே உரிய சிரமஞ்சரி. சுற்றிலும் கதிர்ச் சிறுமலர்களும் நடுவில் வட்டத்தட்டுச் சிறுமலர்களும் சேர்ந்த தொகுப்பு. இரண்டு செடிகளிலும் அது நீண்ட காம்பின் நுனியில் தனியாக நிற்கிறது, இரண்டிலும் கதிர்மலரின் நுனியில் சிறு பற்கள் உண்டு. வெடேலியாவின் மஞ்சரி பொதுவாகச் சற்றுப் பெரியது என்றாலும், வறண்ட மண்ணில் அந்த அளவும் சுருங்கிவிடும்.

கேள்வி (தாம்பரம்): என்னிடம் உள்ள கிளையில் மடலே இல்லையே?

பதில்: நல்ல கவனிப்பு. வெடேலியாவில் எல்லா இலைகளும் மடலோடு இருப்பதில்லை. குறிப்பாக நுனியிலுள்ள இளம் இலைகளும் பூக்காம்புக்கு அடுத்த இலைகளும் மடலின்றி இருக்கலாம். ஆகவே ஒற்றை இலையைக் கிள்ளி வராமல், ஒரே கொடியின் முதிர்ந்த பகுதியிலிருந்து பல கணுக்களைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் உலர்மாதிரி தயாரிப்பதானால் வேர்விட்ட கணு, முதிர்ந்த இலைகள், மஞ்சரி ஆகிய மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும். தென் சீனாவில் இவ்விரண்டின் இயற்கைக் கலப்பினமும் பதிவாகியிருப்பதால், இடைப்பட்ட தோற்றமுள்ள கொடியை அவசரமாக ஒரு பெயருக்குள் அடைக்க வேண்டாம்.

கேள்வி (கொளத்தூர்): பழைய நூல்களில் வேறு பெயர் இருக்கிறதே?

பதில்: தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டாவைச் சில்பியம் பேரினத்தில் வைத்தார், பின்பு அது வெடேலியா பேரினத்துக்கு மாறி, 1996இல் இப்போதைய பேரினத்துக்கு வந்தது. செடி ஒன்றே.

கேள்வி (அடையாறு): வெட்டியெடுத்த வெடேலியாக் கொடியை எங்கே போடுவது?

பதில்: கால்வாயிலோ ஆற்றங்கரையிலோ போடவே கூடாது. இது முளைக்கும் விதையை அரிதாகவே தருகிறது. பரவுவதெல்லாம் தண்டுத் துண்டுகளால்தான், ஒரு கணு ஈரமண்ணைத் தொட்டாலே போதும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவு உயிரினங்களின் பட்டியலில் இது இடம்பெற்றதற்கு இத்திறனே முக்கியக் காரணம். வேரோடு பிடுங்கி, சிமென்ட் தரையில் பரப்பி, தண்டு நொறுங்கும் வரை வெயிலில் காயவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.