வீட்டிலிருந்தே மருந்து ஆய்வில் சேரலாமா? கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் இதயச் செயலிழப்பும் இருக்கிறது. அலைய முடியாது. வீட்டிலிருந்தே மருந்து ஆய்வில் சேர முடியுமா?

பதில்: முடியும், அதற்கென்றே வடிவமைத்த ஆய்வு இருந்தால். அமெரிக்காவின் சீஃப்-ஹெச்எஃப் ஆய்வில் 476 இதயச் செயலிழப்பு நோயாளிகள் இப்படித்தான் பங்கேற்றார்கள். கனாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்து அல்லது மருந்தில்லாத போலி மாத்திரை வீட்டுக்கே வந்தது. மூச்சு வாங்குகிறதா, நடக்க முடிகிறதா என்பதற்குப் போனிலேயே பதில் சொன்னார்கள். 12 வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் நிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது. அம்மா சாப்பிடும் பழைய மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பணம் கட்ட வேண்டுமா?

பதில்: ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

கேள்வி: இணையம் வேண்டும் என்றாலே ஏழைகளும் வயதானவர்களும் வெளியேதானே?

பதில்: நியாயமான கோபம். அடாப்டபிள் என்ற ஆஸ்பிரின் ஆய்வைப் பாருங்கள். 15,076 இதய நோயாளிகள், பதிவும் தொடர்பும் பெரும்பாலும் இணையம் வழியே. ஆனால் பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பயணத்தை ஒழித்தால் மட்டும் விடுபட்டவர்கள் வந்துவிட மாட்டார்கள் என்பதற்கு இது சாட்சி. இன்னொரு பக்கமும் உண்டு. இணையம் இல்லாதவர்களைத் தொலைபேசியில் பின்தொடர அதே ஆய்வு வழி செய்தது. அப்படி வந்தவர்களில் முதியவர்கள், பெண்கள், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) கூடுதல். கதவு இருந்தால் வருகிறார்கள்.

கேள்வி (அதே நபர்): போனில் வாங்கிய தகவலை எப்படி நம்புவது?

பதில்: அடாப்டபிள் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய தகவலை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்தும் எடுத்தார்கள். தரம் குறையும் என்று சொல்லியே இவர்களை இன்னும் எத்தனை காலம் ஒதுக்குவது? யாரிடம் சோதிக்கவில்லையோ, அவர்களும் அதே மருந்தைத்தான் விழுங்குகிறார்கள்! எனக்குக் கவலை கருவிகள்மீதுதான். பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும். கறுத்த தோலில் விரல் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடலாம். கருவியை அனுப்புகிறவர்கள் கையளவைக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

கேள்வி: மாத்திரைக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 8.2. எந்த மாத்திரை நல்லது?

பதில்: அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சேர்ந்தபின் விலகலாமா? கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கட்டணமே கிடையாது, மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல், முதலில் ஆய்வுக் குழுவுக்குப் போன் செய்யுங்கள்.